எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவர்



இந்த மாதப் படிப்பு வட்டத்துக்கு 'குரு' என்ற தலைப்பில் ஒரு பாடம் எழுதித் தரச் சொன்னார்கள். அதுக்கு நான் சரியான ஆள் இல்லை என்றுதான் முதலில் சொன்னேன். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நம் கிளையின் சமய வகுப்பில் எப்போதும் பின்வரிசை. சுலோகம் சொல்லச் சொன்னால் பாதியில் நிற்பவன். ஆனால் போன வருஷம் நடந்த ஒரு விஷயம் என்னை விடவில்லை. அதை எழுதித் தீர்த்தால்தான் உண்டு என்று ஒப்புக்கொண்டேன்.

பெட்டாலிங் ஜெயாவில் எந்தத் தாமானுக்குப் போனாலும் ஒரு கூடைப்பந்துத் திடல் இருக்கும். பத்து வயதிலிருந்து நான் ஆடுகிறேன். பெரும்பாலும் அந்தத் திடலில் நான் ஒருத்தன்தான் தமிழ்ப் பையன். பல்கலைக்கழகத்தில் துறை அணியில் இடம் கிடைத்தது. இரண்டாம் ஆண்டில் ஒரு ஆட்டத்தில் குதித்து இறங்கும்போது இடது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஒன்பது மாதம் ஆடவே கூடாது என்றார் டாக்டர்.

சும்மா உட்கார்ந்திருந்த என்னை நம் கிளை அண்ணன் ஒருத்தர் கூப்பிட்டார். "ஆட முடியலன்னா என்ன, சொல்லிக் கொடுக்க முடியும்ல? பிஜேஎஸ் பக்கம் அடுக்குமாடியில பத்துப் பன்னிரண்டு பிள்ளைங்க இருக்காங்க. சாயங்காலம் போன்ல கிடக்குறாங்க. நீ வா." அப்படித்தான் நான் கோச் ஆனேன்.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது. ஒரு தங்கை வந்து, "அண்ணே, நம்ம ஆளுங்க யாராச்சும் கூடைப்பந்துல பெரிய ஆளா வந்திருக்காங்களா?" என்று கேட்டாள். தமிழ்நாட்டு அனிதா பால்துரையைப் பற்றிச் சொன்னேன். 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவி ஆனவர், 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் என்றதும் அவள் கண் விரிந்தது. எனக்கும் பெருமை. 'நம்மளும் ஒரு வாத்தியார்தான்' என்ற நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்புதான் வினை.

முதல் போட்டியில் 41-9 என்று தோற்றோம். தோற்றதுகூடப் பரவாயில்லை. எங்கள் அணியில் பதினான்கு வயதுப் பையன் ஒருத்தன். பந்தை அவனுக்குக் கொடுத்தால் ஒரு நொடி தயங்குவான், பந்து பறிபோகும். திரும்பத் திரும்ப அதே தவறு. மூன்றாம் கால் பகுதியில் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லைக்கோட்டில் நின்று, "உனக்கு மூளை இருக்கா இல்லையா?" என்று கத்தினேன். அவன் அம்மா வேலை முடித்துச் சீருடையோடு வந்து அங்கே உட்கார்ந்திருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் அவன் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. நன்றாக ஆடத் தெரிந்தவனுக்கு நன்றாகச் சொல்லிக் கொடுக்கவும் தெரியும் என்று நாம் ஏன் நினைக்கிறோம்? ஆட்டக்காரன் பயிற்றுநராக மாறும்போது உண்மையில் எது மாற வேண்டும்? பதில் தேடியபோது எனக்கு நினைவு வந்த மனிதர் நம் ஊர்க்காரர்தான், டத்தோ கே. ராஜகோபால்.

பகுதி 1: அதே எதிரி, இரண்டு ஆட்டம்

2010 டிசம்பர் 29. எனக்கு அப்போது ஏழு வயது. ஓல்ட் டவுன் பக்கம் ஒரு மாமாக் கடை. பெரிய திரை. அப்பா தோளில் நான். மலாய், சீன, தமிழ் என்று எல்லா மொழியிலும் கூச்சல். ஆட்டம் முடிந்ததும் யாரென்றே தெரியாத ஒரு பாக்சிக் எனக்கு மைலோ வாங்கிக் கொடுத்தார். டிசம்பர் 31 பொது விடுமுறை என்று அரசாங்கம் அறிவித்தது. அன்று மலேசியா ஆசியான் காற்பந்தின் சுசூகி கிண்ணத்தை முதல் முறையாக வென்றது. அந்த அணியின் பயிற்றுநர் ஒரு தமிழர் என்பதை அப்பா அன்றிரவு பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

ராஜகோபால் சிலாங்கூருக்கும் கோலாலம்பூருக்கும் ஆடியவர். தேசிய அணிக்கும் ஆடியவர். மலேசியக் காற்பந்தின் நல்ல காலம் என்று நம் அப்பா, தாத்தாக்கள் சொல்லுவார்களே, 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு எம். சந்திரன் தலைமையில் போன அணி, பின்னர் 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம் கோல் காத்த அணி, அந்த மரபில் வந்தவர். பிறகு காலணியைக் கழற்றிவிட்டுப் பயிற்றுநர் ஆனார்.

2009-ல் அவர் தேசிய அணியை ஏற்றபோது நிலைமை எப்படி இருந்தது? 2007-ல் ஆசியக் கிண்ணத்தை நம் நாடும் சேர்ந்து ஏற்று நடத்தியது. புக்கிட் ஜாலிலில் சொந்த ரசிகர்கள் முன்னால் மூன்று ஆட்டம் ஆடினோம். சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2. மூன்று ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் போட்டு 12 கோல் வாங்கினோம். 2009 ஜனவரியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் சொந்த மண்ணில் 0-5. அதன் பிறகு பயிற்றுநர் பி. சத்தியநாதன் பதவி இழந்தார். அந்த நாற்காலிக்குத்தான் ராஜகோபால் வந்தார்.

அந்த வருஷ இறுதியில் லாவோசின் வியந்தியானில் சீ விளையாட்டுப் போட்டி. அதில் 23 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆடுவார்கள். குழு ஆட்டத்தில் வியட்நாம் நம்மை 3-1 என்று தோற்கடித்தது. அதோடு கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் அதே குழுவில் தாய்லாந்தை 2-1 என்று வென்றோம். 1993 முதல் தொடர்ந்து எட்டு முறை தங்கம் வாங்கிய தாய்லாந்து வெளியே போனது. இறுதி ஆட்டத்தில் மறுபடியும் வியட்நாம். இந்த முறை நாம் 1-0. 1989-க்குப் பிறகு 20 வருஷம் கழித்து வந்த தங்கம்.

அடுத்த வருஷம் அதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. 2010 டிசம்பர் 1, ஜக்கார்த்தா. சுசூகி கிண்ணத்தின் முதல் ஆட்டம். முதல் கோல் நம் நோர்ஷாருல் போட்டது. ஆனால் ஆட்டம் முடிந்தபோது இந்தோனேசியா 5, மலேசியா 1. நடப்பில் பாருங்கள், போட்டி தொடங்கிய பிறகு பயிற்றுநர் புது ஆட்களைக் கொண்டு வர முடியாது. பதிவு செய்த பட்டியல் அதுதான். ஐந்து கோல் வாங்கிய அதே பையன்களை வைத்துக்கொண்டுதான் மீதி மாதத்தை ஓட்ட வேண்டும்.

அவர் செய்த முக்கியமான மாற்றம் கோல் காவலர். 21 வயது கைருல் ஃபாமி உள்ளே வந்தார். டிசம்பர் 4-ல் தாய்லாந்துடன் 0-0. டிசம்பர் 7-ல் லாவோசை 5-1. அரையிறுதியில் நடப்பு வெற்றியாளர் வியட்நாம். புக்கிட் ஜாலிலில் சாஃபி சாலியின் இரண்டு கோலால் 2-0, ஹனோயில் 0-0. இறுதிக்கு எதிரே நின்றது யார்? மறுபடியும் இந்தோனேசியா.

டிசம்பர் 26, புக்கிட் ஜாலில். முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் பன்னிரண்டு நிமிஷ இடைவெளிக்குள் சாஃபி, அஷாரி, மறுபடியும் சாஃபி. 3-0. டிசம்பர் 29, ஜக்கார்த்தா. தொடக்கத்திலேயே அவர்களுக்குப் பெனால்டி. கைருல் ஃபாமி பிடித்தார். பிறகு சாஃபி ஒரு கோல் அடித்தார். மொத்தக் கணக்கு 4-0 ஆனது. இனி சமன் செய்யவே அவர்களுக்கு நான்கு கோல் வேண்டும். அந்த ஆட்டத்தை 2-1 என்று அவர்கள் வென்றார்கள், கிண்ணம் 4-2 என்று நமக்கு வந்தது. ஐந்து கோல் வாங்கிய நாளுக்கும் கிண்ணம் தூக்கிய நாளுக்கும் நடுவில் 28 நாள்தான். அணியில் எஸ். குணாளன், கே. குருசாமி என்று நம் பையன்களும் இருந்தார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. டிசம்பர் 26 அன்று நம் ரசிகர்களில் சிலர் இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் முகத்தில் லேசர் ஒளி அடித்தார்கள். அவர்கள் திடலை விட்டு வெளியே நடந்தார்கள். ஆட்டம் சில நிமிஷம் நின்றது. நம் மூன்று கோலும் அதற்குப் பிறகுதான் விழுந்தன. ஆடிய பையன்கள் மேல் குற்றம் இல்லை. ஆனால் வெளியே நிற்பவன் தன் இடத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. ஜெயித்த கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் தர்மம் என்று நினைக்கிறேன்.

பகுதி 2: தோல்வி ஒரு தகவல்

எங்கள் படிப்பில் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் என்று ஒரு பாடம் உண்டு. பயப்படாதீர்கள், கணக்கு போட மாட்டேன். வீட்டுக் குளிர்சாதனத்தை 24 பாகையில் வைக்கிறீர்கள். அறை 29-ல் இருக்கிறது. உள்ளே ஒரு உணரி அந்த வித்தியாசத்தை அளக்கிறது. அந்த ஐந்து பாகைக்கு 'எரர்' என்று பெயர், அதாவது பிழை. அந்தப் பிழையைப் பார்த்துத்தான் இயந்திரம் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று முடிவு செய்கிறது. பிழையை அளக்காத இயந்திரத்துக்கு என்ன செய்வதென்றே தெரியாது. அங்கே பிழை வெறும் தகவல்தான், அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

1-5 என்பது அப்படி ஒரு தகவல். எங்கே ஓட்டை, யார் தளர்ந்தார், எந்தப் பக்கம் எதிரி நுழைந்தான் என்று அது சொல்லிவிட்டது. அதைப் படித்தவருக்கு 26-ஆம் தேதி உதவியது. 2009-ல் வியட்நாமிடம் வாங்கிய 1-3-ம் அப்படித்தான். முதல் தடவை தோற்றவனிடமே இறுதி ஆட்டத்தில் ஜெயிப்பது இரண்டு வருஷம் தொடர்ந்து நடந்தால் அதை அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அதே பாடத்தில் இன்னொன்றும் சொல்லிக் கொடுப்பார்கள். பிழைக்கு எவ்வளவு வேகமாக எதிர்வினை காட்டுகிறோம் என்பதற்கு 'கெயின்' என்று பெயர். அதை அளவுக்கு மீறி ஏற்றினால் என்ன ஆகும்? சின்னப் பிழைக்கும் இயந்திரம் பாய்ந்து இழுக்கும். இந்தப் பக்கம் மிஞ்சும், உடனே அந்தப் பக்கம் இழுக்கும், கடைசியில் ஆடிக்கொண்டே இருக்கும், நிலைக்கு வராது. நல்ல கருவியையும் அளவு மீறிய திருத்தம் கெடுத்துவிடும்.

இதைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் திடலில் என் கெயின் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பையன் வராமல் போன மூன்றாம் வாரம், ஒரு பிள்ளையின் அப்பா தன் போனில் எடுத்த அந்த 41-9 ஆட்டத்தை எனக்கு அனுப்பினார். இரவு உட்கார்ந்து பார்த்தேன். பந்து கைக்கு வந்ததும் அவன் தயங்குவான் என்று சொன்னேன் அல்லவா? அந்த ஒரு நொடியில் அவன் என்ன செய்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. என்னைப் பார்க்கிறான். ஒவ்வொரு தடவையும் பந்தை வாங்கியதும் தலையைத் திருப்பி எல்லைக்கோட்டில் நிற்கிற என்னைப் பார்க்கிறான். நான் என்ன சொல்லப் போகிறேன் என்ற பயம். அந்த நேரத்தில் பந்து போய்விடுகிறது.

அவன் செய்த தவறு என்று நான் கத்தினேன். அந்தத் தவறைச் செய்ய வைத்தவனே நான்தான்.

பகுதி 3: துரோணரும் தேரோட்டியும்

நம் மகாபாரதத்தில் பயிற்றுநர்களுக்குப் பஞ்சமில்லை. துரோணர் வில்வித்தையில் நிகரில்லாதவர். அர்ஜுனனை உலகின் முதல் வில்லாளி ஆக்குவேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்குக்காக, தன்னை மனதில் குருவாக வைத்துத் தானே கற்றுக்கொண்ட ஏகலைவனின் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டார். வித்தை தெரிந்தவர்தான். ஆனால் ஒரு மாணவனின் புகழில் தன் புகழையும் சேர்த்துக் கட்டிவிட்டார். அங்கே குரு சறுக்கினார்.

கண்ணன் வேறு. போருக்கு முன்னால் துரியோதனனுக்கும் அர்ஜுனனுக்கும் ஒரு தேர்வு வைத்தான். ஒரு பக்கம் நாராயணி சேனை. இன்னொரு பக்கம் ஆயுதம் எடுக்காத நான். அர்ஜுனன் ஆயுதம் இல்லாத கண்ணனைக் கேட்டான். எல்லோரையும் விட நன்றாகச் சண்டை போடத் தெரிந்தவன், சண்டை போடாமல் கடிவாளத்தைப் பிடித்தான். ஆட்டக்காரன் கோச் ஆவது என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வித்தை இருக்கிறது, ஆனால் அம்பு விட வேண்டியது இன்னொருத்தன்.

அது சுலபம் இல்லை என்பதையும் மகாபாரதமே சொல்கிறது. பீஷ்மரின் அம்புகள் பாண்டவப் படையை அழிக்கும்போது, அர்ஜுனன் தயங்குவதைப் பார்த்துக் கண்ணனுக்கே பொறுக்கவில்லை. தேரிலிருந்து குதித்துப் பீஷ்மரைத் தாக்க ஓடினான். அர்ஜுனன் பின்னால் ஓடிக் காலைப் பிடித்து நிறுத்தினான். கடவுள் அவதாரத்துக்கே எல்லைக்கோட்டைத் தாண்டத் தோன்றியிருக்கிறது என்றால் நான் எம்மாத்திரம்! இந்தக் கதையை முன்பு படித்தபோது கண்ணனின் அன்பை மட்டும் பார்த்தேன். இப்போது அர்ஜுனனின் நிலையும் தெரிகிறது. என் வேலையை நானே செய்கிறேன், நீ செய்யாதே என்று கெஞ்சுகிற மாணவன் அவன்.

கீதையின் கடைசி அத்தியாயத்தைப் பாருங்கள். பதினெட்டு அத்தியாயம் சொல்லிக் கொடுத்த பிறகு, இதை முழுக்க ஆராய்ந்து பார், பிறகு உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய் என்ற கருத்தில் கண்ணன் பேசுகிறான். இவ்வளவு சொன்ன பிறகும் முடிவை மாணவன் கையில் விடுகிறான். திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. யார் எந்த வேலைக்குத் தகுதி என்று ஆராய்ந்து, தகுதியானவனிடம் அதை ஒப்படைத்துவிடு என்பது அதன் சாரம். ஒப்படைத்த பிறகு தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது ஒப்படைப்பு இல்லை.

கூடைப்பந்து உலகத்திலும் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஸ்டீவ் கெர், அமெரிக்காவின் என்பிஏ ஆட்டக்காரர். மைக்கேல் ஜோர்டானோடு சிகாகோ புல்ஸில் ஆடியவர். அவர் பெரிய நட்சத்திரம் இல்லை. அதிக நேரம் பெஞ்சில் இருந்து பார்த்தவர். ஆனால் 1997 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் ஜோர்டான் பந்தைக் கொடுக்க, வெற்றிப் புள்ளியைப் போட்டவர் அவர்தான். ஆட்டக்காரராக ஐந்து பட்டம். பிறகு கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்குப் பயிற்றுநராக 2015, 2017, 2018, 2022 என நான்கு பட்டம்.

2018 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் அணியோடு ஓர் ஆட்டம். டைம் அவுட் நேரத்தில் கெர் ஓரமாக நின்றுகொண்டார். பயிற்றுநரின் பலகையை ஆட்டக்காரர்களிடமே கொடுத்தார். அவர்களே வரைந்தார்கள், அவர்களே பேசினார்கள். 129-83 என்று வென்றார்கள். இது ஆட்டக்காரர்களின் அணி என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

கூடைப்பந்து கோச்சுக்கு டைம் அவுட்டாவது உண்டு. அனைத்துலக விதிப்படி முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. காற்பந்துப் பயிற்றுநருக்கு அதுவும் இல்லை. 45 நிமிஷம் ஓடும் ஆட்டத்தை அவரால் நிறுத்தவே முடியாது. 2010-ல் மூன்று பேரைத்தான் மாற்றலாம். பல்லாயிரம் பேர் கத்துகிற கெலோரா பூங் கார்னோவில் அவர் குரல் யார் காதில் விழும்? ராஜகோபால் என்ன சொல்லிக் கொடுத்திருந்தாலும் அது ஆட்டத்துக்கு முன்னாலேயே அந்தப் பையன்களுக்குள் போயிருக்க வேண்டும். விசில் ஊதிய பிறகு நம்பிக்கை ஒன்றுதான் மிச்சம்.

பகுதி 4: கிண்ணத்துக்குப் பிறகு

இந்தக் கதையைக் கிண்ணத்தோடு முடித்தால் அது சினிமா. உண்மை அதற்குப் பிறகும் போனது. 2011 ஜூலையில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் 3-5 என்று தோற்று, புக்கிட் ஜாலிலில் 1-1 என்று சமன் செய்து வெளியேறினோம். 2012 சுசூகி கிண்ணத்தில் அரையிறுதியில் தாய்லாந்திடம் விழுந்தோம். தோளில் தூக்கிய ரசிகர்களே திட்டினார்கள். 2014-ல் தேசிய அணி டோல்லா சாலேவிடம் போனது. ராஜகோபால் பின்னர் சரவாக் அணிக்குப் பயிற்சி கொடுக்கப் போனார்.

முன்பு பதவி இழந்தார் என்று சொன்னேனே, அந்த சத்தியநாதன் என்ன ஆனார்? கிளந்தான் அணிக்குப் போனார். 2010 அக்டோபரில் அந்த அணி தன் வரலாற்றில் முதல் முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றது. அந்த அணியின் கோல் காவலர் யார் தெரியுமா? கைருல் ஃபாமி. இரண்டு மாதம் கழித்து ஜக்கார்த்தாவில் பெனால்டியைப் பிடித்தாரே, அவரேதான். ஒருத்தர் தோற்று வெளியேறிய பிறகு வேறோர் இடத்தில் செய்த வேலை, அவர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்குக் கைகொடுத்தது. அடுத்த வருஷம் அதே கிளந்தானுக்கு முதல் சூப்பர் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் எம். கராத்து, அவரும் நம்மவர்.

பலனில் பற்று வைக்காதே, கடமையைச் செய் என்று கீதை சொல்வதை நான் ரொம்ப நாள் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். முடிவைப் பற்றிக் கவலைப்படாதே என்றால் தோற்றாலும் பரவாயில்லை, சும்மா இரு என்று அர்த்தம் என நினைத்தேன். அப்படி இல்லை. ஸ்கோர் பலகையில் தெரிவது நம் வேலையின் ஒரு பகுதிதான். விதைத்தது வேறு திடலில், வேறு ஒருத்தர் கையில் முளைக்கலாம். அதற்காக வேலையைக் குறைக்கக் கூடாது.

பகுதி 5: நான் செய்தது

அந்தக் காணொளியைப் பார்த்த மறுநாள் சாயங்காலம் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. முழங்கால் வலியோடு ஏழு மாடி ஏறினேன். கதவைத் திறந்தது அவன் அம்மா. "உட்காருங்க தம்பி" என்று தே ஓ போட்டுக் கொடுத்தார். அந்த மரியாதைதான் என்னைக் கூச வைத்தது.

அவன் அறையிலிருந்து வந்து சுவரோரம் நின்றான். காணொளியைக் காட்டினேன். "பாரு, நீ ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்க்குற. நான் கத்துனதாலதான் உனக்கு அந்தப் பயம். தப்பு என்னோடது. உங்க அம்மா முன்னால அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ." அம்மாவைப் பார்த்தும் சொன்னேன்.

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "நீங்க கத்துறப்ப உங்க சத்தம் மட்டும்தான் கேட்கும் அண்ணே. பந்து தெரியாது."

எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக நான் படிக்கவில்லை.

அடுத்த வாரம் அவன் வந்தான். நானும் சில விதிகளை எனக்கே போட்டுக்கொண்டேன். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது யார் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. திருத்த வேண்டியதைப் பயிற்சியில்தான் சொல்வது, அதுவும் தனியாக. ஒரு ஆளுக்கு ஒரு நாளில் ஒரே ஒரு விஷயம். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் பிள்ளைகளே முதலில் பேசுவது, நான் கடைசியில்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு போட்டி. கடைசி மூன்று நிமிஷம், ஐந்து புள்ளி பின்னால் இருந்தோம். டைம் அவுட் கேட்டேன். பிள்ளைகள் ஓடி வந்து என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. ஆனால் பலகையையும் மார்க்கரையும் அந்தப் பையனிடம் நீட்டினேன். ஒரு நொடி விழித்தான். பிறகு குனிந்து வரைந்தான். நம் அனிதா ரசிகை, "இல்லடா, நான் இந்தப் பக்கம் வரேன்" என்று அவன் கோட்டைத் திருத்தினாள்.

24-21 என்று தோற்றோம். ஜெயித்தோம் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் தோற்றோம். திரும்பி வரும்போது வேனில் அவர்கள் அழவில்லை, சத்தமாக வாதாடினார்கள். யார் எங்கே நின்றிருக்க வேண்டும், அடுத்த தடவை என்ன செய்யலாம் என்று. நான் முன் இருக்கையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு கேட்டேன். அன்று அந்த ஆட்டம் முழுக்க அவன் பந்தோடு ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

என் முழங்கால் இப்போது சரியாகிவிட்டது. ஆடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆடுகிறேன். ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் வேறு எந்தத் திடலிலும் என்னைப் பார்க்க முடியாது.

படிப்பு வட்டத்தில் பேச

1. உங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்களில், அவர் அருகில் இல்லாதபோதும் உங்களால் அந்த வேலையைச் செய்ய முடிகிறது என்று யாரைச் சொல்வீர்கள்? அவர் என்ன செய்தார்?

2. துரோணர், கண்ணன் இருவரும் அர்ஜுனனை நேசித்தவர்கள். அந்த அன்பில் என்ன வித்தியாசம்?

3. அண்மையில் நீங்கள் தோற்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வோ, நேர்காணலோ, ஆட்டமோ. அதில் கிடைத்த தகவல் என்ன? ஒரே வரியில் எழுதுங்கள்.

4. நம் பக்கம் ஜெயித்தபோது நம் பக்கத்தில் நடந்த ஒரு தவறை நீங்கள் வெளிப்படையாகச் சொன்னதுண்டா?

செய்து பார்க்க: இந்த வாரம் தம்பிக்கோ தங்கைக்கோ ஏதாவது ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். சைக்கிள், கணக்கு, தோசை சுடுவது, எதுவானாலும் சரி. அவர்கள் செய்யும்போது ஐந்து நிமிஷம் பேசாமல் இருங்கள். கையையும் நீட்டாதீர்கள். அந்த ஐந்து நிமிஷம் எப்படி இருந்தது என்று அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லுங்கள்.